தேரிக்காடும் பழைய ஓவியப் பத்திரிகைகளும்

பழைய அமெரிக்க ஓவியப் பத்திரிகைகளைச் சேர்க்கிறேன். எல்லாவற்றையும் இல்லை, போன நூற்றாண்டில் அங்கே நிலக்காட்சி வரைந்தவர்களைப் பற்றி ஏதாவது இருந்தால்தான் வாங்குவேன். ‘ஆர்ட்நியூஸ்’, ‘ஆர்ட் இன் அமெரிக்கா’, ‘ஆர்ட்ஃபோரம்’, அப்புறம் ‘லைஃப்’ சில இதழ்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போய்த் தேரி என்கிற செம்மணல் மேட்டைப் பாருங்கள், அப்புறம் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த நியூ மெக்சிகோவின் சிவப்புக் குன்றுகளைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடுதான்.

நம் வீடுகளில் இயற்கைக் காட்சி என்றால் குற்றால அருவி, இல்லாவிட்டால் பச்சை வயலும் தென்னையும். பாலைக்கென்று ஒரு திணையே வைத்திருந்த மொழிக்காரர்கள் நாம், ஆனால் பனையும் உடைமரமும் நிற்கிற காய்ந்த நிலத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ஓ'கீஃப் 1929 முதல் நியூ மெக்சிகோவுக்குப் போய்வந்து, 1949-இல் அங்கேயே குடியேறி, பெடர்னால் என்கிற ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார், 1986-இல் இறந்த பிறகு அவருடைய சாம்பலையும் அந்த மலையில்தான் தூவினார்கள். காய்ந்த நிலத்துக்கு ஒருவர் ஆயுசையே கொடுக்கலாம் என்று எனக்குக் காட்டியது 1968 மார்ச் 1 ‘லைஃப்’ இதழ். அட்டையிலேயே அவர்தான்.

படமெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே என்பார்கள். படம் இருக்கிறது, சரி. அது புதிதாகத் தொங்கிய அன்றைக்குப் பார்த்தவர் என்ன நினைத்தார் என்பது பழைய இதழில்தான் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. ஐம்பதுகளில் ‘ஆர்ட்நியூஸ்’ பத்திரிகைக்கு ஃபேர்ஃபீல்ட் போர்ட்டர் எழுதிய சின்னச் சின்ன விமர்சனங்களுக்காகவே நான் அந்த இதழ்களைத் தேடுகிறேன். உருவமே இல்லாத அரூப ஓவியம் கோலோச்சிய காலத்தில் மெய்ன் மாநிலக் கடலோரத்தையும் மரத்தையும் வீட்டையும் விடாமல் வரைந்த ஓவியர் அவர், அதனால் அடுத்தவர் படத்தை வர்ணம் குழைத்த கையோடு பார்க்கிறார். அதேபோல 1968 செப்டம்பர் ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் நிலத்தையே கலைப்பொருளாக்கிய ராபர்ட் ஸ்மித்சன் மண்ணையும் மண் அரிப்பையும் பற்றி எழுதிய கட்டுரை. இரண்டே வருஷத்தில், 1970-இல், யூட்டாவின் உப்பு ஏரிக்குள் பாறையும் மண்ணும் கொட்டி 1,500 அடி நீளச் சுருளை ஒரு கலைப்படைப்பாக அவர் போடப்போகிறார், அந்தக் கட்டுரை வந்தபோது அதைப் படித்தவருக்கு அது தெரியாது.

பாதுகாப்பதுதான் பெரும்பாடு. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் களிமண் பூச்சு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே தாளுக்குத் தாள் பிரித்து இடையில் மெழுகுத்தாள் வைக்க வேண்டும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுகிறேன்.

பழைய பேப்பர் கடைக்காரர்கள் சிலர் படப்பக்கத்தை மட்டும் கிழித்துத் தனியாக விற்கிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள், முழு இதழாகக் கேளுங்கள். ஸ்மித்சன், தான் பிறந்த பஸ்ஸேயிக் ஊரின் பாலத்தையும் கழிவுநீர்க் குழாய்களையும் நினைவுச்சின்னங்களாகப் படம் பிடித்து எழுதிய 1967 டிசம்பர் ‘ஆர்ட்ஃபோரம்’ எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.