முக்காடு விலகினால்தான் கதையா?

மாயாஜால நாவலில் முக்காடு போட்ட பெண் வந்தால், கதை முடிவதற்குள் அதை விலக்கிவிடுவாள் என்று பந்தயமே கட்டலாம். இது என் கருத்தல்ல. என்னோடு வார்டில் வேலை பார்க்கும் தமிழ் முஸ்லிம் அக்காவின் கருத்து. சிங்கப்பூரில் நாங்கள் இருவரும் தாதியர். இரவுப் பணி இடைவேளையில் மைலோ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் இந்தக் கதைகளைப் பேசுவோம்.

சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1954இல் வந்த 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' நூலை அக்கா பாதியில் மூடிவிட்டார். தெற்கே கலோர்மென் நாட்டில் கறுத்த தோல், தலைப்பாகை, வளைந்த வாள், அடிமை வியாபாரம். வடக்கே வெளுத்த தோல், சுதந்திரம். "இது யாருன்னு தனியா வேற சொல்லணுமா?" என்றார். அராவிஸ் என்ற துணிச்சல்காரியும் அந்த நாட்டவள்தான். ஆனால் அவள் நல்லவர்களோடு சேர ஊரைவிட்டே ஓடவேண்டியிருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் அப்படியல்ல. 1968இல் தொடங்கிய எர்த்சீ கதைகளில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். கொள்ளையடிக்க வரும் கார்க் மக்கள்தான் வெள்ளையர். 2004இல் தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளை இளைஞனாக்கியபோது அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். நிறத்தில் இவ்வளவு விழிப்பாக இருந்தவரின் 2001 நாவல் 'தி அதர் விண்ட்'. அதில் கார்க் இளவரசி செசெராக் சிவப்புத் திரைக்குள் முழுக்க மூடிக்கொண்டு வருகிறாள். அரசன் லெபன்னனுக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். (கேட்காமலேயே பெண்ணை அனுப்பிவிட்டார்கள் என்ற கோபமும் உண்டு, பாவம்.) கார்க் நாட்டிலேயே பிறந்த டெனார் அவளோடு அவள் மொழியில் பேசிப் பழகும் பகுதிகள் எனக்கு உயிர். ஆனாலும் அவள் முகம் தெரியத் தொடங்கும்போதுதான் அரசனின் மனமும் மாறத் தொடங்குகிறது. அந்த இடத்தில் அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

அவர் பிதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. பொது மருத்துவமனைத் தாதியர் சீருடையோடு தூடோங் (முஸ்லிம் பெண்கள் அணியும் முக்காடு) அணியலாம் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணியில் அறிவித்தது 2021 ஆகஸ்டில்; நடைமுறைக்கு வந்தது நவம்பர் 1. அதுவரை அக்கா ரயிலில் அணிந்து வருவார், உடை மாற்றும் அறையில் கழற்றி மடித்து லாக்கரில் வைப்பார், வீடு திரும்பும்போது மறுபடி அணிவார். பல வருடம் இப்படித்தான். நாவல் கணக்குப்படி பார்த்தால், வேலைக்கு வந்த நாளெல்லாம் அவருக்கு விடுதலை கிடைத்திருக்கிறது! இதைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

முக்காட்டைப் புகழ்ந்து பாடும் கதையும் அவருக்கு வேண்டாம். அதுவும் அலுப்புதான் என்கிறார். கழுத்தில் குத்தும் பின்னைச் சரிசெய்துகொண்டே டிராகனோடு மல்லுக்கு நிற்கிறவள் ஒருத்தி வேண்டும், அவள் ஏன் அணிந்திருக்கிறாள் என்று யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்னாலும் லெ குவினை அவர் விடவில்லை. இப்போது எர்த்சீ வரிசையில் 1990இல் வந்த 'டெஹானு'வில் இருக்கிறார். லூயிஸ் புத்தகம் இன்னும் என் லாக்கரில் கிடக்கிறது. திருப்பிக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.