வெள்ளை என்று எழுதினால் பனி ஆகிவிடாது

இங்கே சிங்கப்பூரில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுகிற தமிழர்களுக்குப் பனிநாட்டின் மேல் தீராத மயக்கம். 32 டிகிரிப் புழுக்கத்தில் உட்கார்ந்து எழுதும் அந்தப் பனி பெரும்பாலும் நாடகத் திரையாகவே தொங்குகிறது. வெண்மை, மௌனம், கண்ணுக்கெட்டியவரை சமவெளி. அதில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

குளிரை எழுதும் வித்தை நம்மிடமே இருக்கிறது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் தொடக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அங்கே வெண்பனி இல்லை, கூதிர்கால மழைதான். மாடுகள் மேய மறக்கின்றன, மந்தி கூனிப்போகிறது, பறவைகள் விழுகின்றன, கறவை கன்றை அண்டவிடுவதில்லை, தீயில் கைகாய்ச்சியும் கோவலர் கன்னம் நடுங்குகிறது. இத்தனை உடம்புகளைக் காட்டிவிட்டுத்தான் குன்றே குளிர்ந்தாற்போன்ற நள்ளிரவு என்கிறார் நக்கீரர்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை, மைனஸ் 30 டிகிரியில் கொட்டோ கொட்டென்று கொட்டும் பனி. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவி வரை கொள்ளும். 0 டிகிரியில் அது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மைனஸ் 20இல் ஏறக்குறைய 1 கிராம். ஆளை மூடும் கனத்த பனி உறைநிலையை ஒட்டித்தான் விழும். கடுங்குளிரில் புயல் வேண்டுமா? ஏற்கெனவே விழுந்து கிடப்பதைக் காற்று வாரி வீசட்டும். அதே குளிரில் பிள்ளைகள் பனியுருண்டை பிடித்து விளையாடவும் முடியாது. தூள் ஒட்டாது, சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழியும். மிதித்தால் கிறீச்சிடும். தேக்கா ஈரச்சந்தையில் மீன்மேல் கொட்டும் ஐஸை மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அது உருகிக்கொண்டிருக்கும் ஐஸ், அந்தப் பளபளப்பு தண்ணீருடையது. பேரங்காடி உறைபெட்டியைத் திறந்தால் புகை கீழே வழிகிறது, கவனித்திருப்பீர்கள். பனிநாட்டில் வாயிலிருந்து வரும் ஆவி வெதுவெதுப்பானது, மேலே ஏறும்.

தாகம் இன்னும் நல்ல கதைப்பொருள். பனியை அள்ளித் தின்று பயணம் போகும் நாயகன் சீக்கிரம் விறைத்துப்போவான். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே அளவு தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 வரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. தின்றால் அத்தனையும் உடம்பிலிருந்து போகிறது. ஆகவே பனிநாட்டில் விறகுதான் குடிநீர். புதுப்பனி ஒரு பானை நிறைய உருக்கினால் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு தண்ணீர், சில சமயம் அதுவும் இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் விடாமல் அடுப்பில் ஏற்றினால், உருகும் நீரை மேலுள்ள பனி உறிஞ்சிக்கொள்ள, பானையின் அடி கருகும். படை நகரும் கதை எழுதுகிறவர்கள் வாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு விறகுக்கட்டை எண்ணலாம்.

ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் பிழைக்கிறது. ஒருவர் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது வேண்டும். பனித்தூள் கலந்து வெளுத்த கட்டிக்குப் பாதி வலுதான். எதிரிப்படையை மூழ்கடிக்க மந்திரம் எதற்கு? ஓடை வந்து சேரும் இடத்தில் கட்டி மெலிந்திருக்கும், அங்கே இழுத்து வந்தால் போதும்.

கவிதைக்காரர்கள் ஒவ்வொரு பனித்துகளையும் நட்சத்திரமாக்கிவிடுகிறார்கள். ஹொக்கைடோவில் 1936இல் செயற்கைப் பனிப்படிகம் வளர்த்த நகாயா உகிச்சிரோவின் ஆய்வு காட்டியது வேறு: வடிவத்தை வெப்பநிலையும் ஈரமும் தீர்மானிக்கின்றன. மைனஸ் 2 பக்கம் மெல்லிய தகடு, மைனஸ் 5 பக்கம் ஊசி, கிளைவிட்ட நட்சத்திரம் மைனஸ் 15 வாக்கில். ஊசி விழும் கவிதையை யாராவது எழுதலாமே.

திணை என்று வந்தால், பனிநாடு பாலைதான் என்பது என் தீர்மானம். பிரிவு, வழியின் கொடுமை, வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர், காத்திருப்பு எல்லாம் அப்படியே பொருந்தும். தொல்காப்பியமும் பின்பனியைப் பாலைக்கு உரியதாக்குகிறது. அது மாசி, பங்குனிப் பனி என்றாலும் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் கள்ளிக்குப் பதில் ஊசியிலை மரம், செந்நாய்க்குப் பதில் ஓநாய் என்று கருப்பொருளை மட்டும் மாற்றினால் போதாது. பாலையில் கொல்லும் பொழுது நண்பகல். மேகமற்ற பனிநிலத்தில் தரை இரவு முழுக்க வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும், குளிர் உச்சம் தொடுவது சூரியன் எழும் நேரத்தையொட்டி. சிறுபொழுதை வைகறைக்கு நகர்த்திவிட்டு எழுதுங்கள்.