ஐந்தாம் ஹாரி பாட்டர்: 22 நாள் கணக்கு

முதல் நான்கு பாகங்களையும் மளமளவென்று முடித்த தைரியத்தில் 'ஹாரி பாட்டர் அண்ட் தி ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' நாவலைக் கையில் எடுத்தேன். 2003இல் வெளிவந்தது, 38 அத்தியாயங்கள், பிரிட்டிஷ் பதிப்பில் 766 பக்கங்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் 19 நாள். (முடிவையும் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

நாள் 2: ஹாரி கத்துகிறான். அச்சிலேயே எல்லாம் பெரிய எழுத்து. சக மாணவன் கண்ணெதிரே செத்ததைப் பார்த்த பையனுக்குக் கோடை முழுக்க ஒரு தகவலும் சொல்லாவிட்டால் கத்தத்தான் செய்வான். ஆனாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நாள் 7: பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை அம்ப்ரிட்ஜின் அறை. சுவரில் மாட்டிய தட்டுகளில் பூனைக்குட்டிப் படங்கள், மேசையில் பூவிரிப்பு, தேன் ஒழுகும் குரல். தண்டனையாக 'நான் பொய் சொல்லக் கூடாது' என்று எழுதச் சொல்கிறாள், மை தருவதில்லை. எழுத எழுத அதே வரி ஹாரியின் புறங்கையில் கீறி, ஆறி, மறுபடி கீறுகிறது. தாளில் இருப்பது அவன் இரத்தம். நூறு தடவை இம்போசிஷன் எழுதி வளர்ந்தவன் நான். புத்தகத்தை மூடியவன் இரண்டு நாள் தொடவில்லை. கதையின் பெரிய வில்லன் வோல்டமோர்ட் வரும் பக்கங்களில்கூட இப்படி ஆனதில்லை.

நாள் 14: மருத்துவமனை. சித்திரவதையில் புத்தி பேதலித்துப் பல ஆண்டுகளாக அங்கேயே கிடக்கும், ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் அம்மா, மகன் கையில் ஒரு பபிள்கம் காகிதத்தை வைக்கிறார். குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறார் பாட்டி. அவன் பையில் போட்டுக்கொள்வது ஹாரியின் கண்ணில் படுகிறது. அன்று அதற்கு மேல் ஓடவில்லை.

அடுத்த ஒரு வாரம் இழுவை. நூறு பக்கம் வெட்டியிருக்கலாம்.

நாள் 22: முடிந்தது. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் சாவது 35ஆம் அத்தியாயத்தில். யாரோ முன்பே போட்டு உடைத்துவிட்டதால் அழவில்லை. என்னைச் சாய்த்தது கடைசி அத்தியாயம். பெட்டிக்குள் கிடந்த பொட்டலத்தை ஹாரி பிரிக்கிறான். உள்ளே ஒரு கண்ணாடி. பெயரைச் சொன்னால் சிரியஸுடன் பேசலாம். சிரியஸ் அங்கே சிக்கிக்கொண்டதாக நம்பி மந்திர அமைச்சகத்துக்கு ஓடும் முன் இதை எடுத்திருந்தால் அவர் வீட்டில் பத்திரமாக இருப்பது தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவில் அவர் ஹாரியின் கையில் திணித்ததை இவன் பிரிக்கவே இல்லை. நானும் சுத்தமாக மறந்திருந்தேன். 24ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். இருக்கிறது, பஸ் ஏறும் அவசரத்துக்கு நடுவே. ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.