அரசறிவியல் இரண்டாம் தாள்: அமெரிக்கப் பகுதியை நான் படித்த முறை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. என்னைக் கரை சேர்த்தது விருப்பப் பாடமான அரசறிவியல், பன்னாட்டு உறவுகளின் இரண்டாம் தாள்தான் என்பதை அந்தப் பட்டியல் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. பல மாதங்களாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய நிலையில், அந்தத் தாளில் எனக்கு மிகவும் நிறைவளித்த அமெரிக்க வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாளின் அமைப்பும் சொல் வரம்பும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாடத்திட்டத்தில் அமெரிக்கா ஒரே இடத்தில் அடங்கவில்லை. பனிப்போரும் ஒருமுனை உலகமும் ஓரிடம். பயங்கரவாதமும் அணு ஆயுதப் பரவலும் வேறோரிடம். ஆப்கானிஸ்தான், இராக், மேற்கு ஆசியா குறித்த இந்திய நிலைப்பாடு இன்னோரிடம். இந்திய–அமெரிக்க உறவு தனி. ஒரே குறிப்பேட்டை ஒழுங்காகத் தயாரித்தால் நான்கு இடங்களுக்கும் அது பயன்படும்.

நான் படித்த பயிற்சி மையத்தில் இந்தப் பகுதிக்குத் தந்தது கோட்பாடுகளின் பெயர்ப் பட்டியல் மட்டுமே. ட்ரூமன், ஐசனோவர், நிக்சன், கார்ட்டர், ரீகன், புஷ் என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோட்பாடு, அதற்கு இரண்டு வரி விளக்கம். அந்தக் குறிப்பை நம்பி எழுதிய பலரின் மாதிரி விடைகளைப் பார்த்தேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு இதைப் பாடம் என்று கொடுப்பதைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்வி. அமெரிக்கா ஒரு நாட்டைத் தாக்கினாலும், தடை விதித்தாலும், ஓர் அமைப்பைப் பயங்கரவாத அமைப்பென்று அறிவித்தாலும், இதைச் செய்யும் அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அமெரிக்க அரசமைப்பு, போரை அறிவிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடமும் படைகளின் தலைமையை அதிபரிடமும் கொடுத்திருக்கிறது. ஆனால் காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் எதிலும் போர் அறிவிப்பே இல்லை. கொரியாவுக்கு ட்ரூமன் காங்கிரஸிடம் ஒப்புதல் கேட்காமல் ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானங்களைக் காட்டினார். வியட்நாமுக்கு ஜான்சன் 1964 ஆகஸ்டில் காங்கிரஸில் நிறைவேறிய டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தைக் காட்டினார். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பனிப்போரிலிருந்து இன்றுவரை ஒரே இழையில் வரலாறு தானாகக் கோத்துக்கொள்கிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2001ஆம் ஆண்டின் படைப் பயன்பாட்டு அனுமதித் தீர்மானம். செப்டம்பர் 14இல் நிறைவேறி 18இல் கையொப்பமானது. செனட்டில் எதிர்ப்பே இல்லை; பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, பார்பரா லீ என்ற ஒரே உறுப்பினர் எதிர்த்தார். அதன் மூலப் பாடம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இந்தப் பகுதிக்கு வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் அதை மட்டும் படித்துவிடுங்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட, அனுமதித்த, நடத்திய, அதற்கு உதவிய நாடுகள், அமைப்புகள், நபர்கள் என்று அதிபர் யாரைத் தீர்மானிக்கிறாரோ அவர்கள்மீதும், அவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள்மீதும் தேவையான, பொருத்தமான படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அல் கொய்தாவின் பெயர் அதில் இல்லை. ஆப்கானிஸ்தானின் பெயரும் இல்லை. முடிவு நாளும் குறிக்கப்படவில்லை. சேர்ந்து இயங்கும் படைகள் என்ற கருத்தும் மூலத்தில் கிடையாது. பின்னர் வந்த நிர்வாகங்கள் அதை விளக்கமாகச் சேர்த்துக்கொண்டன. அதனால்தான், தாக்குதல் நடந்தபோது அந்தப் பெயரிலேயே இல்லாத ஐஎஸ் அமைப்பின்மீது 2014இல் ஒபாமா நடத்திய வான்வழித் தாக்குதலுக்கும் அதே தீர்மானம் ஆதாரமாகக் காட்டப்பட்டது. பயங்கரவாதத்துக்கு எதிரான போர் முடிவற்றதாகிவிட்டது என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதைவிட, எந்த வாசகம் அதற்கு இடம் கொடுத்தது என்று இரண்டு வரியில் காட்டுவது விடைக்கு வலிமை தரும்.

இதன் மறுபக்கம் 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானம். நிக்சனின் மறுப்பாணையை மீறி நிறைவேறியது அது. படைகளை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும்; ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், பின்வாங்கிக்கொள்ள மேலும் 30 நாள். இதை எல்லோரும் எழுதுவார்கள். 2011இல் லிபியாவில் 60 நாள் கடந்த பின்னும் தாக்குதல் தொடர்ந்தபோது ஒபாமா நிர்வாகம் என்ன சொன்னது என்பதைச் சிலரே எழுதுவார்கள். தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்காவின் பங்கு வரம்புக்கு உட்பட்டது, ஆகவே சட்டம் சொல்லும் மோதல் என்ற வரையறைக்குள் இது வராது என்பதே அவர்களின் வாதம். சட்டம் இருக்கிறது, அதன் கால வரம்பும் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதைச் சொல்லும் இடத்தில் அதிபரே இருக்கிறார் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

எதிரி அரசுகள் என்ற பகுதிக்கு வருகிறேன். பயங்கரவாதத்தை ஆதரிக்கும் அரசுகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல் 1979 இறுதியில் தொடங்கியது. லிபியா, இராக், தெற்கு ஏமன், சிரியா ஆகியவை அதில் முதலில் இடம்பெற்றன. ஈரான் 1984இல் சேர்ந்தது. இராக்கின் பெயர் வந்துபோன விதத்தை மட்டும் கவனியுங்கள்: ஈரானோடு சதாம் போரிட்டுக்கொண்டிருந்த 1982இல் நீக்கப்பட்டது, குவைத்தை விழுங்கிய 1990இல் மீண்டும் சேர்ந்தது, சதாம் வீழ்ந்த பின் 2004இல் மறுபடி நீக்கப்பட்டது. கியூபாவும் 2015இல் நீங்கி 2021இல் திரும்பியது. பட்டியல் என்பது குற்றப் பதிவேடு மட்டுமல்ல, பேரம் பேசும் கருவியும்கூட என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

லிபியாவையும் வட கொரியாவையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள். 2003 டிசம்பரில் பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிடுவதாகக் கடாஃபி அறிவித்தார். 2006இல் லிபியா பட்டியலிலிருந்து நீங்கியது. 2011இல் நேட்டோவின் வான்வழித் தாக்குதலுக்கு நடுவே அவருடைய ஆட்சி வீழ்ந்தது, அவரும் கொல்லப்பட்டார். அமெரிக்காவுடன் செய்த 1994ஆம் ஆண்டின் அணு உடன்பாடு குலைந்து 2003இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்த வட கொரியா, 2006இல் முதல் அணுச் சோதனை நடத்தியது. லிபியாவுக்கு நேர்ந்ததைத் தன் அறிக்கைகளிலேயே அது சுட்டிக்காட்டியது. 2015இல் எட்டப்பட்ட ஈரான் அணு உடன்பாட்டிலிருந்து 2018இல் ட்ரம்ப் விலகியதை இந்த இரண்டோடு சேர்த்து வைத்தால், அச்சுறுத்தலால் ஓர் அரசைப் பணிய வைப்பதற்கும், வாக்குறுதியால் நம்ப வைப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றி நல்லதொரு 20 மதிப்பெண் விடை எழுதலாம்.

பயங்கரவாத அமைப்புகளின் பட்டியல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1997 அக்டோபரில் வந்த முதல் பட்டியலிலேயே விடுதலைப் புலிகளின் பெயர் இருந்தது. அந்த அமைப்புகளுக்குப் பொருள் உதவி செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. அதே பட்டியலில் இருந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கு அமைதி வழியில் பிணக்குகளைத் தீர்க்கச் சட்டப் பயிற்சி தருவதும், சுனாமி நிவாரண உதவிக்கான கோரிக்கையைப் பன்னாட்டு அமைப்புகளிடம் முன்வைக்கப் புலிகளுக்குக் கற்றுத் தருவதும் குற்றமாகுமா என்பது கேள்வி. மூன்று நீதிபதிகள் மாறுபட, ஆறு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர். நம் மக்களின் துயரத்தோடு நேரடியாகத் தொடர்புடைய இந்த வழக்கைத் தமிழில் தேர்வெழுதுபவர்கள்கூடப் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பாதுகாப்பா, பேச்சுரிமையா என்ற வினா வந்தால் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கிடையாது.

தேதி பிசகாமல் நினைவில் இருக்க வேண்டியவை:

– 1947 மார்ச்: கிரேக்கம், துருக்கிக்கு 40 கோடி டாலர் உதவி கேட்டு ட்ரூமன் உரை. அதே ஆண்டில் தேசியப் பாதுகாப்புச் சட்டம். தேசியப் பாதுகாப்பு அவையும் சிஐஏவும் அதிலிருந்தே பிறந்தன.
– 1979 நவம்பர்: டெஹ்ரான் தூதரகப் பிடிப்பு, 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகள்.
– 1983 அக்டோபர்: பெய்ரூட் படைமுகாம் குண்டுவெடிப்பு, 241 அமெரிக்கப் படையினர் பலி.
– 2001 செப்டம்பர் 12: ஓர் உறுப்பு நாட்டின்மீதான தாக்குதல் எல்லார்மீதுமான தாக்குதல் என்னும் தன் ஐந்தாம் உறுப்பை நேட்டோ முதன்முறையாகப் பயன்படுத்தியது. மாத இறுதியில் பயங்கரவாதத்துக்கு எதிரான ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1373ஆம் தீர்மானம்.
– 2002 செப்டம்பர்: முன்கூட்டியே தாக்கும் கொள்கையை முன்வைத்த தேசியப் பாதுகாப்பு உத்தி ஆவணம்.
– 2020 ஜனவரி: அமெரிக்கத் தாக்குதலில் ஈரானியத் தளபதி சுலைமானி கொலை. பிப்ரவரி: தாலிபானுடன் தோஹா உடன்பாடு, அன்றைய ஆப்கன் அரசு அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.
– 2021 ஆகஸ்ட்: காபூல் வீழ்ச்சி, வெளியேற்றம்.

சுலைமானிக்கும் அதே கேள்வியைப் போடுங்கள். அதிபரின் படைத்தலைமை அதிகாரத்தோடு, சதாமை மனத்தில் வைத்து நிறைவேற்றிய 2002ஆம் ஆண்டு இராக் தீர்மானத்தையும் நிர்வாகம் ஆதாரமாகக் காட்டியது. ஈரானியத் தளபதிக்கு இராக் தீர்மானம்!

விடையின் தொனி பற்றி ஒரு சொல். எல்லாம் ஏகாதிபத்தியம் என்று எழுதுபவர்களும், எல்லாம் தற்காப்பு என்று எழுதுபவர்களும் ஒரே அளவில் சோம்பேறித்தனம் செய்கிறார்கள். செப்டம்பர் 11இல் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அந்த அச்சுறுத்தல் கற்பனை அல்ல. அந்த உண்மையான அச்சத்தின் பெயரில் மக்கள் மன்றத்தின் கையிலிருந்து போர் அதிகாரம் நழுவியதும் உண்மை. இரண்டையும் ஒரே விடையில் நேர்மையாக எடைபோட முடியும் என்பதே என் உறுதியான எண்ணம்.

இந்தியப் பகுதிக்கு ஒரே சட்டம் போதும்: 2017இல் ஈரான், ரஷ்யா, வட கொரியா ஆகியவற்றைக் குறிவைத்து வந்த அமெரிக்கத் தடைச் சட்டமான காட்சா. ரஷ்யாவின் எஸ்–400 ஏவுகணை அமைப்பை வாங்கிய துருக்கி நேட்டோ நாடாக இருந்தும் 2020 டிசம்பரில் தடைக்கு உள்ளானது. 2018 அக்டோபரில் அதே ஏவுகணை அமைப்புக்கு ஒப்பந்தமிட்ட இந்தியாமீது தடை வரவில்லை. ஆனால் 2019 மே மாதத்தில் அமெரிக்கத் தடையிலிருந்து கிடைத்த விலக்கு முடிந்ததும் ஈரானிய எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்திக்கொண்டது. வெளியுறவில் இந்தியாவின் தன்னாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்ற வினாவுக்கு இவ்விரண்டையும் அருகருகே வையுங்கள்.

கோட்பாட்டு நூல்களில் மனம் தோய்பவர்களுக்கு என் முறை வறட்சியாகத் தோன்றலாம். சட்ட வாசகத்தை மெதுவாகப் படிப்பதில் எனக்கு ஈடுபாடு அதிகம். அதனால் இது எனக்குப் பொருந்தியது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, யார் செய்தார், எந்தச் சட்டம், காங்கிரஸ் என்ன செய்தது, எதிர்த்தரப்பு என்ன கற்றுக்கொண்டது என்ற நான்கையும் கையால் எழுதிவையுங்கள். கடைசி வாரத்தில் அந்தத் தாள்களைத் தவிர வேறெதையும் திறக்க வேண்டாம்.