சுவரில் பதித்த கொக்கிகள்

எருசலேமின் ஒலிவ மலை உச்சியில் ஆண்டவர் இயேசு பரமேறிய, அதாவது விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட, இடமாகப் போற்றப்படும் சிற்றாலயத்துக்கு எங்கள் குழுவினருக்குக் கிடைத்தவை பத்தே நிமிடங்கள். எண்கோண வடிவில், ஒரு சிறு கூட்டம் நுழைந்தாலே நிறைந்துவிடும் அந்தக் கட்டடத்தைக் கண்டதும், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைப்பதற்கில்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொயிமேனியா என்னும் செல்வப் பெண்மணி இங்கு எழுப்பிய ஆலயம் வானத்தை நோக்கித் திறந்திருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர்கள் மீண்டும் கட்டியதும் அப்படியே. 1187இல் எருசலேம் சுல்தான் சலாதீன் வசமான பின் இவ்விடம் இஸ்லாமியர் பொறுப்பில் வந்து, மேலே குவிமாடமும் எழுந்தது.

உள்ளே தரையில், கல் சட்டத்துக்குள் ஒரு பாறைத் துண்டு இருக்கிறது. அதில் தெரிவது ஆண்டவரின் வலது பாதச்சுவடு என்பது மரபு. குனிந்து தொட்டேன். எண்ணற்ற விரல்கள் தடவித் தடவி வழுவழுப்பாகிவிட்ட பள்ளம் அது; பாதம் என்று சொன்னால்தான் பாதமாகத் தெரிகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியவை வெளிமுற்றத்துச் சுவரில் பதித்திருந்த கொக்கிகள்தான். பரமேறுதல் திருநாளன்று கிறிஸ்தவ சபையார் அவற்றில் கூடாரம் கட்டி ஆராதனை நடத்துவார்கள், முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது எனக்கு இயேசுவின் சீஷர் பேதுருவின் நினைவு வந்தது. இயேசுவின் தோற்றம் ஒளிமயமாக மாறிய மறுரூப மலையில் மூன்று கூடாரங்கள் போட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டவர் அவர். தாம் சொல்வது இன்னதென்று அறியாமல் சொன்னார் என்று லூக்கா சற்றுக் கண்டிப்பாகவே எழுதிவைத்திருக்கிறார். இயேசு பரமேறியபோது ஒலிவ மலையிலும் சீஷர்களைத் தங்கவிடவில்லை. "நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" என்று வெண்வஸ்திரம் தரித்த இருவர் கேட்டதும் சீஷர்கள் எருசலேமுக்கு இறங்கினார்கள். எங்கெல்லாம் தமக்குச் சாட்சிகளாக இருக்க வேண்டும் என்று பரமேறுமுன் இயேசு அவர்களுக்குச் சொன்ன வசனத்தில், "பூமியின் கடைசிபரியந்தமும்" என்னும் சொற்களையே நாம் பெரிதாக எழுதி மாட்டிவைக்கிறோம். ஆனால் அந்த வசனத்தில் முதலில் வரும் பெயர், அந்த மலைச்சரிவிலிருந்து பார்த்தால் கண்ணெதிரே தெரியும் எருசலேம்தான். பின்னாளில் கூடாரம் உண்மையிலேயே பயன்பட்டது கொரிந்துவில். அங்கே அப்போஸ்தலர் பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியுடன் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலைப் பார்த்துக்கொண்டே சுவிசேஷம் பேசினார்.

மலையடிவாரத்துக் கெத்செமனே தோட்டத்தை நோக்கி இறங்கும் பாதை செங்குத்தானது. முழங்கால் வலியோடு ஒவ்வோர் அடியாக இறங்கியபோது, மருத்துவமனையில் செவிலியாக நான் பார்க்கும் இரவுப் பணிதான் நினைவில் ஓடியது. மேலே நின்ற பத்து நிமிடங்களில் அது ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை.

திரும்பிவந்த முதல் இரவில், பல வாரங்களாகப் படுக்கையில் இருக்கும் முதியவர் ஒருவர், "எனக்காக ஜெபம் பண்ணினீங்களாம்மா?" என்று கேட்டார். புறப்படும்போது வாக்குக் கொடுத்திருந்தேன்; அங்கே அடியோடு மறந்துபோனேன். உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதுகு எரிகிறது, சற்றுப் புரட்டிவிடுங்கள் என்றார். ஒரு கையைத் தோளுக்கும் மறு கையை இடுப்புக்கும் கொடுத்துப் புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தபடியே அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.