மாசம் எவ்வளவு நிக்குமுங்க?

கோவைப் பக்கம் ஒரு பையனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் வீட்டில் முதலில் நடப்பது பெருக்கல். 2025-ல் எங்கள் பம்ப் கம்பெனி டிசைன் பிரிவில் இருந்த அன்னூர்க்காரத் தம்பிக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து ஆஃபர் வந்தது. வருடத்துக்கு 44,000 யூரோ. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நின்ற நேரம். "நாப்பத்தி நாலு லட்சமுங்ணா!" என்று என் மேசைக்கே வந்துவிட்டான். இங்கே அவனுக்கு எட்டு லட்சம். நானும் சில வருடம் அந்த ஊரில் குப்பை கொட்டியவன் என்பதால் காகிதம் என் கைக்கு வந்தது.

சரியான கேள்வியைக் கேட்டது அவன் அப்பாதான். தோட்டத்திலிருந்து போன் போட்டு, "அதெல்லாம் சரிங்க சார், செலவெல்லாம் போக மாசம் எவ்வளவு நிக்குமுங்க?" என்றார்.

கணக்குப் போட்டோம். மாதம் 3,667 யூரோ. ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டும் தொழிலாளி பங்கு 9.3 சதவீதம், மருத்துவம், வேலையின்மை, முதியோர் பராமரிப்பு என்று மற்ற பிடித்தங்களும் சேர்ந்தால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பிறகு வருமான வரி. தனியாளுக்குக் கையில் வருவது சுமார் 2,400. ஹீட்டர் செலவோடு வாடகை 900 வைத்தோம். உள்ளூர், வட்டார ரயில், பஸ்ஸுக்கான மாத டிக்கெட் அப்போது 58. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் 18.36 கட்டியே ஆக வேண்டும்; நான் அங்கே இருந்தபோது மாதாமாதம் முனகிக்கொண்டே கட்டிய காசு அது. சிக்கனமாக இருந்தால் 800, 900 மிஞ்சும். இங்கே அவன் மிச்சம் பிடிப்பதை விட அதிகம்தான்.

"அப்பப் போலாமுங்களாணா?" என்றான். போகலாம். ஆனால் கட்டுப்படியாகும் சம்பளம் வேறு, நியாயமான சம்பளம் வேறு.

எனக்கு உறுத்தியது அந்த 44,000. படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான ப்ளூ கார்டு விசாவுக்கு ஜெர்மனி 2025-ல் வைத்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு, இன்ஜினியர்களும் அதில் அடக்கம், 43,759.80. அதற்கு மேல் 240 யூரோ சேர்த்து ஆஃபர் அடித்திருக்கிறார்கள். ஆறு வருட அனுபவம், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கர டிசைனில் நல்ல கை. அதையெல்லாம் யாரும் எடை போட்டதாகத் தெரியவில்லை. விசா கிடைக்க எவ்வளவு போதும் என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் ஒருவரிடம் மெஷின் ஓடும் மணியைப் பார்க்காமல் ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார். அதே கண்ணோடு காகிதத்தைத் திரும்பப் படித்தேன். வாரத்துக்கு 40 மணி நேரம். அங்கே ஐஜி மெட்டல் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்குள் வரும் கம்பெனிகளில் 35 மணிதான். மணிக் கணக்கில் சுருக்கினால் இந்த 44,000 வெறும் 38,500 ஆகிறது. விடுமுறை 24 நாள். 30 நாள் கொடுக்கும் கம்பெனிகள் அங்கே ஏராளம்.

ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமை, தொழில் வாரியாக, மாநில வாரியாக இடைநிலைச் சம்பளத்தை, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகையை, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதைக் காட்டி எழுதச் சொன்னேன். "கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாங்களோ" என்று இரண்டு நாள் தயங்கினான். ஆஃபர் கையில் வந்த பிறகு மரியாதையாகக் கேட்டதற்காக அங்கே யாரும் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. கடைசியில் 48,000, முதல் மாதம் தங்க இடம் என்று பதில் வந்தது. மணி நேரத்தில் அசையவில்லை.

இத்தனைக்கும் பிறகு கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. அவன் மனைவி திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், மாதம் 35,000. அவளும் போனால் தனியாள் வரி வகுப்பிலிருந்து தம்பதி வரி வகுப்புக்கு மாறி மாதம் 300 யூரோ போல மிச்சமாகும், மருத்துவக் காப்பீடும் கணவனோடு இலவசம். ஆனால் வீடு பெரிதாக வேண்டும், அவள் சம்பளம் அறுந்துபோகும். ப்ளூ கார்டுக்காரர் மனைவிக்கு வேலை செய்யத் தடையில்லை என்றேன். "வேலை பாக்க உடுவாங்க சரிங்ணா, பாஷை தெரியாம எவன் குடுப்பான்?" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமனாரிடம் பதில் இல்லை. அவன் மட்டும் முதலில் போகிறான். அவள் வேலையை விடாமல் சாயங்கால ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அந்த ஃபீஸையும் 48,000 கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.