பிராணாயாமம் செய்தால் இன்ஹேலரைத் தூக்கிப் போடலாமா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே ஃபார்வர்டு. பிராணாயாமம் செய்தால் நுரையீரல் பெரிதாகுமாம், ஆஸ்துமா அடியோடு போய்விடுமாம், இன்ஹேலரே தேவைப்படாதாம். தினமும் காலையில் நாடி சுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி) செய்கிறவள் நான், அதனால் கிடைக்கும் நன்மையை முழுசாக நம்புகிறவள், அதனாலேயே இந்தக் கடைசி வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நுரையீரல் தானாக விரியாது. உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகளும் இழுத்தால்தான் விரியும். மூச்சுப் பயிற்சி பலப்படுத்துவது இந்தத் தசைகளைத்தான். புதுச்சேரி ஜிப்மரில் மதன்மோகன் குழுவினர் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகா பயிற்சி கொடுத்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், மூச்சை இழுக்கும் அழுத்தம், ஊதும் அழுத்தம், மூச்சை அடக்கும் நேரம் எல்லாமே நன்றாகக் கூடியிருந்தன.

நிதானமாக மூச்சு விடுவதில் ஒரு கணக்கும் இருக்கிறது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று போகிறது, அதில் 150 மில்லி வழியிலேயே, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும், நின்றுவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், காற்றறைகளுக்குப் போய்ச் சேர்வது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை ஆழமாக 6 மூச்சில் இழுத்தால் 5.1 லிட்டர் போய்ச் சேரும். காற்று அதேதான், பலன் அதிகம்.

சரி, ஆஸ்துமாவுக்கு வருவோம். அங்கே சிக்கல் மூச்சை இழுக்கும் இந்தத் தசைகளில் இல்லை, மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவதில். ஸ்பைரோமெட்ரி என்கிற நுரையீரல் பரிசோதனை எடுத்தவர்களுக்குத் தெரியும், மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று பக்கத்திலிருந்து விரட்டுவார்கள், முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் அதில் முக்கியம். 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிராணாயாம ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ள 18 பேரை, இழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் மூச்சை வெளியே விட வைக்கும் ஒரு கருவியால் பயிற்சி செய்ய வைத்தார்கள். அந்த முதல் நொடி அளவில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் மூச்சுக்குழாயைச் சுருக்கும் ஹிஸ்டமினைத் தாங்கும் திறன் கூடியிருந்தது! எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, ஆஸ்துமாவுக்கான பல யோகா ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்: தொந்தரவு கொஞ்சம் குறையலாம், வாழ்க்கை கொஞ்சம் சுலபமாகலாம், நுரையீரல் செயல்பாடு கூடுமா, மருந்து குறையுமா என்பது தெளிவாகவில்லை.

அதனால் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். வீசிங் இருக்கும்போது மட்டும் கபாலபாதி, பஸ்திரிகா பக்கம் போகாதீர்கள். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் அந்த வேக மூச்சுகளை விட்டுவிடுவது நல்லது. எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, காலையில் நின்றுகொண்டு மூன்று தடவை ஊதி, அதிகமாக வந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், இன்ஹேலரைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.